ஓடிய தூரத்துக்கு முழுக் காசு: திருகோணமலையில் லொறி ஓட்டப் புதிதாக வருபவர்களுக்கு

திருகோணமலையில் லொறிச் சாரதிக்கு வேலை கிடைப்பது பெரிய கஷ்டமில்லை. சீனக்குடாவில் மா ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் எண்ணெய்த் தாங்கிகளும் இருக்கின்றன. கொட்பேயில் மீன் ஏறும், புல்மோட்டையில் கனிய மணல் ஏறும், அறுவடைக் காலத்தில் கந்தளாய், தம்பலகாமம் பக்கம் நெல் ஏறும். கனரக வாகன அனுமதிப்பத்திரமும் ஓரளவு அனுபவமும் இருந்தால் யாராவது ஒரு முதலாளி கூப்பிட்டு வண்டியைத் தந்துவிடுவார். சிக்கல் மாதக் கடைசியில்தான் வரும். 550 கிலோமீற்றர் ஓடிய ஹயருக்கு, அதாவது ஒரு தடவை பாரம் ஏற்றிப் போய் வரும் வாடகை ஓட்டத்துக்கு, 520 என்று எழுதியிருக்கும். கேட்டால் "கொழும்புக்கு அவ்வளவுதான் தம்பி, எல்லாருக்கும் அதுதான் கணக்கு" என்று பதில் வரும்.

ஒரு ஹயரில் 30 கிலோமீற்றர் போவது சின்ன விஷயமாகத் தெரியும். மாதம் 10 ஹயர் என்றால் அது 300 கிலோமீற்றர். கிலோமீற்றருக்கு 20 ரூபா பேசியிருந்தால் 6,000 ரூபா. ஒரு வீட்டின் மின்சாரக் கட்டணமும் பிள்ளையின் டியூஷன் காசும் அதில் அடங்கிவிடும். இதில் பெரும்பகுதி யாரும் களவெடுத்துப் போவதல்ல. தூரத்தை எங்கேயிருந்து எங்கே வரைக்கும் அளப்பது என்று வண்டி எடுக்கும் முன் பேசாமல் விடுவதால் போவது. அதனால் இந்தக் கட்டுரையில் முதல் படிக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

சேரும் முன் பேச வேண்டியவை

முதலில் சம்பளம் எந்த வகை என்று தெளிவாகக் கேளுங்கள். இங்கே நாலு விதமாகக் கொடுக்கிறார்கள்: மாதச் சம்பளமும் ஓட்டத்துக்குப் படியும், ஒரு ஹயருக்கு இவ்வளவு என்று மொத்தமாக, ஹயர் காசில் நூற்றுக்கு இவ்வளவு, கிலோமீற்றருக்கு இவ்வளவு. கிலோமீற்றர் கணக்குக்காரருக்கு மட்டும்தான் தூரம் முக்கியம் என்று நினைக்க வேண்டாம். மொத்தமாகப் பேசிய ஹயர் காசுக்குள்ளும் ஒரு தூரம் ஒளிந்திருக்கிறது. பெலியகொடைக்கு என்று பேசிவிட்டு, அங்கே போனதும் "அப்படியே பாணந்துறைக்கும் ஒரு பத்து மூடையைப் போட்டுவிட்டு வா" என்று போன் வரும். பேசிய காசு அப்படியே நிற்கும், ஓட்டம் கூடும்.

அடுத்தது, எந்த இடத்திலிருந்து தூரம் தொடங்குகிறது என்பது. பெரும்பாலான கணக்குகள் பாரம் ஏற்றும் கேட்டிலிருந்து இறக்கும் கேட் வரைதான். ஆனால் லொறி இரவில் நிற்பது உப்புவெளியில் அல்லது நிலாவெளி வீதியில் ஒரு வளவில். காலையில் அங்கிருந்து எடுத்துக்கொண்டு நகரத்தைத் தாண்டி, பாலையூற்று வழியாகச் சீனக்குடாவுக்கு வரும் தூரம் யார் கணக்கில்? இறக்கிவிட்டுத் திரும்பி வளவில் விடும் தூரம் யார் கணக்கில்? "வளவில் சாவி போட்ட நேரத்திலிருந்து வளவில் நிறுத்தும் வரை" என்று பேசிக்கொள்வதுதான் சாரதிக்குப் பாதுகாப்பு. முதலாளி அதற்குச் சம்மதிக்காவிட்டால், வளவிலிருந்து கேட்டுக்கு ஒரு நிலையான தொகையையாவது கேளுங்கள்.

மூன்றாவது, வெறும் லொறியாகத் திரும்பும் ஓட்டம். கொழும்பிலிருந்து திரும்பு பாரம் கிடைக்காத நாட்கள் நிறைய. சிலர் அதற்குப் பாதிக் காசு தருவார்கள், சிலர் ஒன்றும் தரமாட்டார்கள். பாரம் இல்லாவிட்டாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது அதே கைதான், போகிற நேரமும் அதே நேரம்தான். அதற்கு என்ன விலை என்பதை முதல் நாளே கேளுங்கள்.

நாலாவது, எந்தப் பாதை. இதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கந்தோரில் இருப்பவர் கைபேசியில் கூகுள் மேப்பைத் திறந்து, ஆகக் குறுகிய தூரத்தை எடுத்து எழுதிவிடுவார். அது காருக்குச் சரியாக இருக்கலாம். பத்துச் சில்லு லொறி பாரத்தோடு உள்வீதிகளில் இறங்க முடியுமா, கொழும்புக்குள் கனரக வாகனம் நுழைய முடியாத நேரத்தில் சுற்றிப் போக வேண்டியிருக்குமா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

மட்டக்களப்பு ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறந்து, பிறகு மூதூர் பக்கத்தில் மிதவை ஓடிய மற்ற இடங்களுக்கும் பாலம் வந்த பின், ஏ15 வீதியால் கிண்ணியா, மூதூர், வெருகல் வழியாக மட்டக்களப்பு சுமார் 130 கிலோமீற்றர். முன்பு அந்த வழியில் பாதை என்று சொல்லும் மிதவையில் வாகனத்தை ஏற்றி ஏற்றித்தான் கடக்க வேண்டும். இப்போது எந்தக் கந்தோரிலும் மட்டக்களப்பு என்றால் அந்த 130தான் எழுதுவார்கள். நல்லது. ஆனால் கார்த்திகை, மார்கழியில் மழை இறங்கி மகாவலி பெருகினால் வெருகல் பக்கம் வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடும். அப்போது ஹபரணைக்குப் போய், பொலன்னறுவை, வாழைச்சேனை வழியாகச் சுற்ற வேண்டும். அது 200ஐத் தாண்டிவிடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடெங்கும் வீதிகள் அடைபட்டுக் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். வெள்ளத்தால் சுற்றிப் போனால் சுற்றிய தூரத்துக்கு முழுக் காசு என்பதை வெயில் காலத்திலேயே பேசி வையுங்கள். தண்ணீர் வந்த பின் பேசினால் அது கெஞ்சலாகத்தான் இருக்கும்.

இவ்வளவையும் வாயால் பேசினால் போதாது. முத்திரை ஒட்டிய ஒப்பந்தம் எல்லா இடத்திலும் கிடைக்காது, அது எனக்கும் தெரியும். அதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. பேசி முடித்து வீட்டுக்கு வந்ததும் முதலாளிக்கு வட்ஸ்அப்பில் மரியாதையாக ஒரு செய்தி போடுங்கள்: "முதலாளி, இண்டைக்குக் கதைச்சபடி கிலோமீற்றருக்கு 20 ரூபா, வளவில இருந்து வளவுக்கு, வெறும் லொறிக்குப் பாதி, வெள்ளத்தில சுத்தினா முழுசா. திங்கட்கிழமை வேலைக்கு வாறன்." அவர் "ஓம்" என்று ஒரு சொல் போட்டாலும் அது எழுத்துத்தான். மறுப்பு இருந்தால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும்.

வண்டியின் மீற்றரைச் சோதியுங்கள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே செய்ய வேண்டிய காரியம் இது. பழைய லொறிகளில் பலவற்றில் மீற்றர் செத்துக் கிடக்கும். அப்படியானால் "மீற்றர் வேலை செய்யவில்லை, திருத்தும் வரை கைபேசி ஜிபிஎஸ் காட்டும் தூரத்தை எழுதுகிறேன்" என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள்.

வேலை செய்யும் மீற்றரும் சரியாகக் காட்டும் என்று சொல்ல முடியாது. மீற்றர் உண்மையில் எண்ணுவது சில்லு சுற்றுவதைத்தான். சுற்றளவு மாறினால் கணக்கும் மாறும். டயர் தேய்ந்திருந்தால் சில்லு சின்னதாகும், ஒரே தூரத்துக்கு அதிகம் சுற்றும், மீற்றர் கொஞ்சம் கூடக் காட்டும். பெரிய லொறியின் டயரில் புதியதற்கும் தேய்ந்ததற்கும் இடையில் இந்த வித்தியாசம் 2 சதவீதம் அளவுக்கு வரும். பெரிய டயர் மாட்டினால் எதிர்ப்பக்கம். எல்ஃப், கன்டர் போன்ற சின்ன லொறிகளில் 7.50-16 டயர் இருந்த இடத்தில் பாரம் தாங்கட்டும் என்று 8.25-16 போடுபவர்கள் இருக்கிறார்கள். அதில் சில்லு சுமார் 6 சதவீதம் பெரிதாகிவிடும். கொழும்புக்குப் போய் வந்தால் 30 கிலோமீற்றர் மீற்றரில் ஏறவே ஏறாது. யாரும் தொடாமலே உங்கள் காசு குறைந்துவிடும்.

சோதிப்பது இப்படி. ஏ6 வீதியோரம் கிலோமீற்றர் கற்கள் இருக்கின்றன. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் வீதி நேராக ஓடும், பார்ப்பதற்கு வசதி. ஒரு கல்லுக்கு நேரே வரும்போது மீற்றரை, கடைசி இலக்கம் வரைக்கும், கிளீனரைக் கொண்டு எழுதுவியுங்கள். நீங்கள் வீதியில் கண்ணை வைத்திருங்கள். 20 கல் தாண்டியதும் மறுபடி எழுதுங்கள். மீற்றர் 20 கூடியிருந்தால் சரி. 19தான் கூடியிருந்தால் நூற்றுக்கு 5 விழுங்குகிறது. அந்தக் கொப்பிப் பக்கத்தைப் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பி, எவ்வளவு கூட்ட வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். மீற்றர் கூடக் காட்டினால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பின்னால் உங்கள் கணக்கை நம்ப வைப்பது அதுதான். டயர் மாற்றினால் திரும்பவும் இதே சோதனை.

ரனிங் சார்ட்டும் உங்கள் சொந்தக் கொப்பியும்

ஒவ்வொரு ஓட்டத்தையும் பதியும் ரனிங் சார்ட் முதலாளியின் தாள். அதை எழுதிக் கொடுத்தால் திரும்பி வராது. அதனால் கடையில் விற்கும் சின்னக் கொப்பி ஒன்று உங்களிடம் இருக்கட்டும். ஒவ்வொரு ஹயருக்கும் திகதி, வளவில் எடுக்கும்போது மீற்றர், கேட்டில் மீற்றர், இறக்கிய இடத்தில் மீற்றர், திரும்பி வந்து நிறுத்தும்போது மீற்றர், டீசல் அடித்த லீற்றர். அவ்வளவுதான். எடுக்கும்போதும் நிறுத்தும்போதும் மீற்றரை ஒரு படம் எடுத்து உடனே வட்ஸ்அப்பில் முதலாளிக்கு அனுப்பினால் நேரமும் திகதியும் தானாக விழும். தினமும் அனுப்புகிற பழக்கம் இருந்தால் அது குற்றச்சாட்டாகத் தெரியாது, வேலை ஒழுங்காகத்தான் தெரியும்.

கேட் பாஸ், டெலிவரி நோட், லொறித் தராசில் தரும் துண்டு எல்லாவற்றையும் கொடுக்கும் முன் படம் எடுத்து வையுங்கள். தராசுத் துண்டில் வண்டி இலக்கமும் நேரமும் இருக்கும். நீங்கள் அங்கே போனீர்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

வழியில் போன் வந்து "அங்கே போ, இங்கே ஏற்று" என்று சொன்னால் அதே இடத்தில் ஒரு வரி அனுப்புங்கள்: "தம்புள்ளையில நிக்கிறன், நீங்க சொன்னபடி கெக்கிராவைக்குப் போய் வெங்காயம் ஏத்துறன், மீற்றர் இவ்வளவு." கணக்குத் தகராறில் பெரும்பாலும் தொலைந்து போவது இப்படிப் போனில் சொன்ன துண்டு ஓட்டங்கள்தான்.

டீசலில் விழும் அடி

தூரம் குறைத்து எழுதுவதன் மோசமான விளைவு சம்பளத்தில் மட்டும் நிற்பதில்லை. பல முதலாளிமார் டீசலையும் அதே தூரக் கணக்கில்தான் கொடுக்கிறார்கள். லீற்றருக்கு 5 கிலோமீற்றர் ஓடும் லொறி என்று வைத்துக்கொள்ளுங்கள். 520க்கு 104 லீற்றர் கணக்குப் போட்டுத் தந்திருப்பார். நீங்கள் ஓடியது 558. ஏழரை லீற்றருக்கு மேல் குறையும். அந்தக் குறையை உங்கள் சட்டைப் பையிலிருந்து அடிக்க வேண்டும், இல்லையென்றால் "டீசல் விற்றான்" என்று பேர் வரும். செய்யாத களவுக்குப் பேர் கெட்டு வேலை இழந்தவர்களை எனக்குத் தெரியும். நேர்மையாக ஓடுகிற பிள்ளைகளின் தலையில் விழக்கூடிய ஆகப் பெரிய அநியாயம் இது என்றுதான் சொல்வேன்.

இதற்கு ஒரே மருந்து முழுத் தாங்கிக் கணக்கு. ஓட்டம் தொடங்கும் முன் தாங்கியை வாய் வரை நிரப்பி மீற்றரை எழுதுங்கள். திரும்பி வந்ததும் அதே பெற்றோல் செட்டில், முடிந்தால் அதே பம்பில், மறுபடி வாய் வரை நிரப்பி, எத்தனை லீற்றர் பிடித்தது என்று பில்லோடு வையுங்கள். நாலைந்து ஹயருக்கு இப்படிச் செய்தால் உங்கள் லொறி பாரத்தோடு லீற்றருக்கு எவ்வளவு ஓடும் என்பது யாரும் மறுக்க முடியாத இலக்கமாக வந்துவிடும்.

தூரக் கணக்கில் விட்ட காசை வேறு வழியில் பிடிக்க நினைத்து, தூங்காமல் அடுத்த ஹயருக்கு வண்டியை எடுக்க வேண்டாம். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இரவில் யானை வீதிக்கு வரும். கறுப்பு வீதியில் கறுத்த உருவம், லைட் வெளிச்சத்தில் கடைசி நேரத்தில்தான் தெரியும். பாரத்தோடு வருகிற லொறி அந்தத் தூரத்தில் நிற்காது.

மாதக் கடைசியில் கேட்பது எப்படி

சம்பளம் வாங்கும்போது அங்கேயே நின்று சத்தம் போடுவதில் பயனில்லை. கணக்கு எழுதுபவரிடம் ஹயர் ஹயராகப் பிரித்த துண்டைக் கேட்டு வாங்குங்கள். மொத்தத் தொகை மட்டும் எழுதிய துண்டை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. வீட்டில் உங்கள் கொப்பியோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். வித்தியாசம் வந்த ஹயருக்கு மட்டும் கோடு போடுங்கள். அடுத்த நாள் முதலாளி அவசரமில்லாமல் இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். இப்படிக் கேட்கலாம்:

"முதலாளி, பன்னிரண்டாம் திகதி கொழும்பு ஹயர் 520 எண்டு போட்டிருக்கு. மீற்றர்ப் படி 558."

"கொழும்பு எப்பவும் 520 தானே தம்பி."

"ஓம் முதலாளி, கொழும்புக்கு அது சரி. திரும்பேக்க கெக்கிராவைக்குப் போகச் சொன்னீங்கள். அந்த 38 தான் விடுபட்டிருக்கு. இதில நீங்க எனக்குப் போட்ட மெசேஜும் இருக்கு."

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். "ஏமாற்றுகிறீர்கள்" என்ற சொல் எங்கேயும் வரவில்லை. ஒரு திகதி, ஒரு இலக்கம், ஒரு சாட்சி. நியாயமான முதலாளி அந்த இடத்திலேயே திருத்திவிடுவார். அப்படிப்பட்டவர்கள் திருகோணமலையில் இருக்கிறார்கள், அவர்களிடம் சாரதிகள் வருடக்கணக்காக நிற்பதும் அதனால்தான். மூன்று மாதமாகக் காட்டியும் "பார்ப்போம்" என்றே சொல்பவரிடம் நாலாவது மாதமும் அதையே எதிர்பார்க்கலாம்.

கனடாவில் லொறி ஓடும் உறவினர் உங்களுக்கு இருந்தால் அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நெடுந்தூரச் சாரதிகள் பலருக்கு மைல் கணக்கில்தான் சம்பளம். வீட்டுத் தளபாடம் ஏற்றுபவர்களின் கட்டணத்துக்காகத் தயாரித்த ஒரு தூர அட்டவணை அங்கே நீண்ட காலமாகச் சம்பளக் கணக்குக்கும் பயன்படுகிறது. அது ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் இடையில் பொதுவாக அளந்த தூரம், உண்மையில் நிற்கிற கேட்டிலிருந்து கேட்டுக்கு இல்லை. இப்போது கணினியில் கணக்கிடும்போதும் ஆகக் குறுகிய பாதை, லொறிக்கு ஏற்ற பாதை என்று இரண்டு வகைத் தெரிவு உண்டு. அதனால் அங்கே அனுபவமுள்ள சாரதி வேலைக்குச் சேரும் முன் "மைலுக்கு எத்தனை சதம்" என்று மட்டும் கேட்பதில்லை, "எந்த மைல்" என்றும் கேட்பார். மைலுக்குக் காசு கூடக் கொடுத்து மைலைக் குறைத்து எழுதும் இடத்தைவிட, கொஞ்சம் குறைவாகக் கொடுத்து ஓடிய தூரத்தை எழுதும் இடம் மேலாக இருக்கலாம். இங்கேயும் இரண்டு முதலாளிகளை ஒப்பிடும்போது அதே கணக்கைப் போடுங்கள்.

சட்டத்தில் உங்களுக்கு உள்ளது

மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கு, அந்தத் தொழிலின் குறைந்தபட்சச் சம்பளத்தைத் தீர்மானிக்கும் சம்பளச் சபை இருக்கிறது. அதற்கு மேலாக நாட்டுக்குப் பொதுவான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் உயர்ந்தது. கிலோமீற்றர்க் காசு எவ்வளவு பேசினாலும் முழு மாதம் வேலை செய்தவருக்கு இதற்குக் கீழே போக முடியாது.

ஊழியர் சேமலாப நிதியைக் கவனமாகப் பாருங்கள். உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம், அதற்கு வெளியே ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 சதவீதம். இதில் நடக்கும் தந்திரம், அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாக எழுதி, மிச்சம் முழுவதையும் "படி" என்ற பெயரில் கையில் தருவது. செய்த வேலையின் அளவுக்கு ஏற்பத் தரும் கூலியும் சேமலாப நிதிக்கான சம்பளத்தில் சேரும். எனவே கிலோமீற்றர்க் காசு சம்பளத் துண்டில் என்ன பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இன்று கையில் குறையும் காசை நாளைக்கு ஓடிச் சரிக்கட்டலாம், 55 வயதில் எடுக்கும் நிதியில் விழுந்த குறையை அப்போது நிரப்ப முடியாது.

பேசித் தீராவிட்டால் திருகோணமலையில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போகலாம். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. கொப்பி, மீற்றர்ப் படங்கள், தராசுத் துண்டுகளின் படங்கள், வட்ஸ்அப் செய்திகள், சம்பளத் துண்டு எல்லாவற்றையும் திகதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு ஹயருக்கும் ஓடிய தூரம், தந்த தூரம், வித்தியாசம் என்று ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அதிகாரி இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரிப்பார். கேட்டதற்காக வேலையை விட்டு நிறுத்தினால் தொழில் நியாய சபைக்கு 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். "பொறு தம்பி, திரும்ப எடுக்கிறன்" என்ற பேச்சை நம்பி அந்தத் தவணையைத் தவற விடாதீர்கள்.

சொந்த லொறியைப் போட்டு ஒப்பந்தத்துக்கு ஓடுபவர்களுக்கு இந்தத் தொழில் சட்டம் பெரும்பாலும் கைகொடுக்காது. நீங்கள் வேலையாள் இல்லை, வியாபாரி. உங்களுக்குத் தூரம், பாதை, காத்து நிற்கும் நேரம், டீசல் விலை கூடினால் எவ்வளவு கூட்டுவது என்ற நாலும் கையெழுத்தோடு தாளில் இருந்தே ஆக வேண்டும். காத்து நிற்கும் நேரத்துக்கு மணித்தியாலக் கணக்கில் ஒரு தொகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இறக்கும் இடத்தில் ஒரு முழு நாள் வரிசையில் நின்றால் அடுத்த ஹயர் போய்விடும், லீசிங் காசு மட்டும் தன் பாட்டில் திகதிக்கு வந்து நிற்கும்.